கையை மட்டும் பின்னால் நீட்டு

ஜூலை 4

அணிலுக்கு,

‘அன்புள்ள’ என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று உன் இடத்தில் என் பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். டீச்சர் பெயர் கூப்பிடும்போது உன் பெயரைத் தாண்டிப் போனார். நான் எழுந்து, “அவ வந்துடுவா டீச்சர்” என்றேன். “அவ வேலையோட படிக்கிற திட்டத்துல சேர்ந்து வேற ஊருக்குப் போயிட்டாளே, உனக்குத் தெரியாதா?” என்று கேட்டார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு நாம். என்னைப் பார்த்து ‘உனக்குத் தெரியாதா’ என்கிறார்கள்.

சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். சித்தி வீட்டில் இருக்கிறாய், காலையில் பாடம், மதியத்துக்கு மேல் சலவை நிலையத்தில் வேலை, அந்த வேலைக்கும் மார்க் உண்டு என்று உன் அம்மா சொன்னார். முகவரி எழுதிக் கொடுத்தார். “நல்லாத்தான் இருக்கா” என்று நான் கேட்காமலே இன்னொரு தடவை சொன்னார்.

சொல்லாமல் போனதற்கு ஒரு கோபம். மார்ச் மாத ரிலேவுக்கு ஒரு கோபம். இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறேன், நீ கலந்துவிடாதே.

ரிலேவில் வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, கையை மட்டும் பின்னால் நீட்ட வேண்டும், கொடுக்கிறவள் ‘இந்தா’ என்றதும் குச்சி கைக்கு வந்துவிடும். இது நீ எனக்குப் போட்ட சட்டம். நீ மூன்றாவது, நான் கடைசி. அன்றைக்கு நீ ‘இந்தா’ என்று சொல்லவில்லை. ‘போ’ என்றாய். நீ போ என்றால் நான் போவேன், அதுதானே வழக்கம். போனேன். எல்லாருக்கும் முன்னால் போய் நின்றேன். முடிவுக் கோட்டில் இருந்தவர், “குச்சி எங்கம்மா?” என்று கேட்டபோதுதான் என் கையை நானே பார்த்தேன். மைதானமே சிரித்தது. காரணம் கேட்கலாம் என்று திரும்பி வந்தால், நீ தரையில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நானும் பேசவில்லை. அப்புறம் பரீட்சை, விடுமுறை, இப்போது நீயே இல்லை.

என் அண்ணன் இன்றுவரை என்னை ‘வெறுங்கை வீராங்கனை’ என்றுதான் கூப்பிடுகிறான்.

நவம்பரில் உடற்கல்விக் கல்லூரிக்கு ஓட்டத் தேர்வு வருகிறது, நானூறு மீட்டர். என் மார்க்குக்கு வேறு எந்தக் காலேஜும் கதவைத் திறக்காது என்று உனக்கே தெரியும். விசில் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டார். பி.டி. டீச்சருக்கு நாம் வைத்த பெயர் ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் ஓட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் ‘போ’ என்றாய்? அதை மட்டும் எழுது. நலம் விசாரிக்க வேண்டாம்.

கொக்கு

*

ஜூலை 15

அன்புள்ள கொக்குக்கு,

நான் அடிக்கவில்லை, பார்த்துக்கொள்.

நலம் விசாரிக்கக் கூடாது என்று உத்தரவு. அதனால் என் நலத்தை மட்டும் எழுதுகிறேன்.

இந்தச் சலவை நிலையம் நீளமான ஒரே கூடம். சுவர்கள் எப்போதும் வியர்த்திருக்கும். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வேன் வேனாக வந்து இறங்குகின்றன. தள்ளுவண்டிகள் எல்லாம் இடுப்பு உயரம், அதற்கு மேல் துணிக் குவியல். அதனால் இங்கே யாருக்கும் கால் இருப்பதாகவே தெரியாது. வெள்ளைக்கு மேல் பாதி பாதி மனிதர்களாக ஆவிக்குள் மிதந்து போவார்கள், மிதந்து வருவார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

சூடான ரோலர் மிஷினிலிருந்து விரிப்பு இறங்கி வந்ததும் இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உதறி, மடித்து, எதிரெதிரே பாதித் தூரம் நடந்து வந்து, ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். முதல் நாள் எனக்கு எதிரில் நின்றது மேஸ்திரி அக்கா. இந்தக் கூடத்துக்கே மகாராணி அவர். முனையைக் கொடுக்கும்போது என் வாயில் தானாக ‘இந்தா’ என்று வந்துவிட்டது. “யாருக்குடி இந்தா? மரியாதையா இந்தாங்கன்னு சொல்லு” என்றார். ரோலர் சத்தத்தையும் மீறி எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது ‘இந்தாங்க’ என்றுதான் சொல்கிறேன். அதில் வேகமே இல்லை கொக்கு. ரிலேவில் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால் பக்கத்துப் பள்ளிக்காரி வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பாள்.

இங்கே படிக்கிறவர்களுக்கு பி.டி. பீரியட் கிடையாது. வேலைதான் பி.டி. என்று திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில்: வாய் தவறிவிட்டது என்று வைத்துக்கொள்ளேன். நீ ஓடாமல் இருக்காதே. இது உத்தரவு இல்லை, கெஞ்சல்.

அணில்

*

ஜூலை 27

அணிலுக்கு,

வைத்துக்கொள்ள முடியாது. வாய் தவறுகிறவளா நீ? பரீட்சையில் பிட்டு அடிக்க வந்த என்னை ஒற்றை வார்த்தை பேசாமல் கண்ணாலேயே திருப்பி உட்கார வைத்தவள்.

பி.டி. பீரியட் இப்போது மதியச் சாப்பாட்டுக்கு அடுத்தது. வெயில் மைதானம் முழுக்கப் பரவி, எல்லாச் சத்தமும் தூரத்திலிருந்து வருவதுபோல இருக்கும். மற்றவர்கள் ஓடுகிறார்கள், நான் நடக்கிறேன். விசில் ஊதுகிறார், நான் நடக்கிறேன். அவர் ஊதி ஊதிக் களைத்துவிட்டார். பாதிக் கண்ணை மூடிக்கொண்டு கோட்டின் மேலேயே போவேன். தூங்கிக்கொண்டே நடக்கிறேனா, நடந்துகொண்டே தூங்குகிறேனா என்று எனக்கே புரிவதில்லை. நீ எனக்குக் குச்சி கொடுக்கிற மூன்றாவது வளைவு வந்ததும் மட்டும் என் கை தானாகப் பின்னால் போய்விடுகிறது. போன வாரம் கையில் ஏதோ வந்து விழுந்தது. விரல்களை இறுக்கி மூடிக்கொண்டேன். பார்த்தால் ஒரு மிட்டாய்த் தாள். ஏழாம் வகுப்பு வாண்டு ஒன்று வைத்துவிட்டு ஓடுகிறது. அதைத் துரத்தக்கூட எனக்குக் கால் எழவில்லை.

விசில் என்னை உட்கார வைத்து, “நவம்பரை விட்டுட்டா உனக்கு வேற வழி இல்லம்மா” என்றார். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

கேட்டு வைத்திருக்கிறேன். அரையாண்டு முடிவதற்குள் உன் திட்டத்திலிருந்து விலகித் திரும்பி வரலாமாம், பழைய வகுப்பிலேயே சேர்த்துக்கொள்வார்களாம். நீ வா. நீ வந்தால் நான் நவம்பரில் ஓடுகிறேன். வராவிட்டால் இல்லை. இதுதான் என் முடிவு, நீ தலைகீழாக நின்றாலும் மாறாது.

நீலக் குச்சியைக் காணோம் என்று விசில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த ஓட்டத்தில் அது உன் கையில்தான் இருந்தது.

கொக்கு

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள கொக்குக்கு,

பதில் தாமதம். இடையில் ஒரு நாள் விரிப்போடு சேர்ந்து நானும் தரையில் விழுந்துவிட்டேன். ஈரத் தரை, வேறொன்றும் இல்லை. அதிலிருந்து என்னைத் தலையணை உறைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இது என் ராஜ்ஜியம். ஜன்னலோரம், ஒரு மேஜை, எனக்கு மட்டும் ஒரு ஸ்டூல். வெளுத்த உறைகளைத் திருப்பி மூலைகளை வெளியே தள்ளி அடுக்க வேண்டும். மூலையைத் தள்ள விரல் போதாது. விசிலிடம் சொல்லிவிடாதே, அதற்கு நீலக் குச்சியைவிட நல்ல சாமான் உலகத்தில் இல்லை.

டீ நேரத்தில் சூடான விரிப்புக் குவியலில் சாய்ந்தால் தூக்கம் ஆளை அப்படியே இழுத்துக்கொள்ளும். நேற்று ஒரு கனவு. மைதானம் முழுக்க வெள்ளை விரிப்பு போட்டிருக்கிறது, காலடியில் இளஞ்சூடு. நீ முன்னால் ஓடுகிறாய், கையைப் பின்னால் நீட்டியபடி. நான் பின்னால் வருகிறேன். கை எட்டவே இல்லை. ஆனால் வருத்தமும் இல்லை. உன் ரிப்பன் அவிழ்ந்து ஆடுகிறது, குதிகால் ஏறி ஏறி இறங்குகிறது, நான் பார்த்துக்கொண்டே வருகிறேன். கொக்கு, நீ எப்படி ஓடுவாய் என்று உனக்குத் தெரியாது. உன்னைப் பின்னாலிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். “எழுந்திரு தூங்குமூஞ்சி, உறை எல்லாம் உன்னைத் தேடுது” என்று மேஸ்திரி அக்கா உலுக்கியதில் எல்லாம் கலைந்துவிட்டது.

என்னால் திரும்பி வர முடியாது. காரணம் கேட்காதே. நான் வந்தால்தான் ஓடுவேன் என்று சொல்லாதே. ஒருத்தி வரவில்லை என்பதற்காக இன்னொருத்தி வாழ்க்கையை நிறுத்தி வைப்பதாவது.

அணில்

*

செப்டம்பர் 3

அணிலுக்கு,

குச்சி கிடக்கட்டும். ஸ்டூல் எதற்கு?

உன் கடிதத்தை வகுப்பில் மேஜைக்கு அடியில் வைத்து எத்தனையோ தடவை படித்தேன். கனவு, வெள்ளை, இளஞ்சூடு எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. நடுவில் அந்த ஸ்டூல் மட்டும் செருப்பில் ஏறிய முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நீ உட்காருகிறவள் இல்லையே. சினிமாக் கொட்டகையிலேயே பாதிப் படம் நின்றுகொண்டு பார்ப்பவள்.

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஈரத் தரையில் விழுந்தது. யாருக்கும் கால் தெரியாத இடம் பிடித்திருக்கிறது என்று எழுதியது. பி.டி. பீரியட் இல்லாத படிப்பு. ரிலே முடிந்து நான் திரும்பி வந்தபோது ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாயே, உன் ஷூவில் லேஸே கிடையாது. ஒட்டுகிற பட்டைதான். இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. நான் எவ்வளவு பெரிய மக்கு என்று பார்.

நேரே உன் அம்மாவிடம் போனேன். “அவ காலுக்கு என்ன அத்தை?” என்றேன். அலமாரிப் பக்கம் திரும்பி, இருக்கிற டப்பாவையே மறுபடி மறுபடி துடைத்தார். “அவகிட்டயே கேளும்மா, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா” என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

எந்தக் கால்? வலதா, இடதா? எவ்வளவு நாளாக? கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை எனக்கு. உன்மேல் இருந்த இரண்டு கோபமும் போய்விட்டது. அவை இருந்த இடத்தில் வேறொரு கோபம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது மற்ற இரண்டையும்விடப் பெரியது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஒளிந்துகொள்ளலாம் என்று நினைக்காதே. நொண்டிக்கொண்டு எவ்வளவு தூரம்தான் ஓடிவிடுவாய்?

கடைசி வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். நீ சிரிப்பாய் என்று தெரியும், அதனால் விட்டுவிட்டேன்.

கொக்கு

*

செப்டம்பர் 18

அன்புள்ள கொக்குக்கு,

சிரித்தேன். சித்தி பயந்துபோய் வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

உனக்கு அழுகை வந்தால் மூக்கு மட்டும் சிவக்கிறது, மற்ற இடமெல்லாம் கோபமாகவே இருக்கிறது. நீ வந்து நின்றபோது நான் கம்பியைப் பிடித்துச் சலவை நிலையப் படி ஏறிக்கொண்டிருந்தேன். கூப்பிடுவாய் என்று நினைத்தேன். நீ நேரே உள்ளே வந்து, மேஸ்திரி அக்காவிடம், “இவகூட நான் மடிக்கிறேன், எனக்குத் தெரியும்” என்று பொய் சொல்லி, விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைவு என்று அவரும் விட்டுவிட்டார். ஆளுக்குப் பாதித் தூரம் நடக்க வேண்டும் கொக்கு. நீ ஒவ்வொரு தடவையும் முழுத் தூரமும் நீயே நடந்து வந்தாய். நான் நின்ற இடத்தில் நின்றேன். நீ போன பிறகு அதை நினைத்து உறைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

பஸ் ஏறும்போது, “முன்னாடியே சொல்லியிருந்தா நானும் உன்கூட உட்கார்ந்திருப்பேன்ல” என்றாய். “அதுக்குத்தான் சொல்லல” என்றேன். பஸ் சத்தத்தில் உனக்குக் கேட்டதோ என்னவோ. அதனால் எழுதுகிறேன்.

ரிலேவுக்கு முன்பே வலது முழங்காலில் வலி இருந்தது. டாக்டர் இனி ஓடவே கூடாது என்றார். ஒரே ஒரு கடைசி ஓட்டம் என்று அம்மாவுக்கும் தெரியாமல் வந்து நின்றேன். பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து எல்லாருடைய பைக்கும் வாட்சுக்கும் காவல் இருப்பாளே ஒருத்தி, அவளாக நான் இருக்க முடியாது கொக்கு. செத்தாலும் முடியாது. அதைவிட மோசம், நான் அங்கே உட்கார்ந்தால் நீயும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாய். அதனால்தான் பி.டி. இல்லாத படிப்பைத் தேடிப் போனேன். போயும் என்ன லாபம்? நீ அங்கே நடந்துகொண்டிருக்கிறாய்.

மூன்றாவது வளைவில் முழங்கால் மடங்கிவிட்டது. நீ ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தாய், கை பின்னால் நீண்டிருந்தது. எனக்கு எட்டாது என்று தெரிந்துவிட்டது. ‘நில்’ என்றால் நின்றிருப்பாய். திரும்பியிருப்பாய். நான் கிடப்பதைப் பார்த்திருப்பாய். ரிப்பன் அவிழ்ந்து ஆடியது. நிறுத்த மனசு வரவில்லை. வாய் தவறியது என்று எழுதினேனே, அது பொய்.

இன்னொன்று. மேஜைமேல் குச்சியைப் பார்த்தாய், எடுக்கவில்லை. வேன் அண்ணன் வியாழக்கிழமை உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு விரிப்பு கொண்டுவருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். மூலை தள்ளித் தள்ளி நுனியில் நீலம் கொஞ்சம் போய்விட்டது. விசிலிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

கையை நீட்டு. கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

இந்தா.

அணில்

*

நவம்பர் 21

அன்புள்ள அணிலுக்கு,

அடிக்கவில்லை.

தேர்வு முடிந்தது. வரிசையாகச் சொல்கிறேன், முடிவைத் தேடிக் கடைசிக்குத் தாவாதே.

குச்சியை விசிலிடம் காட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால், வாங்கிப் புடவைத் தலைப்பில் துடைத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். உன் முழங்காலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்று முழுக்க ஒரு தடவைகூட ஊதவில்லை.

தேர்வு மைதானத்தில் காலையில் ஒரே பனி. கோடுகள் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. என்னோடு ஓட வந்தவர்கள் எல்லாரும் இடுப்புக்குக் கீழே இல்லாமல் மிதந்துகொண்டிருந்தார்கள். உன் கூடம்தான் இங்கே வந்துவிட்டது என்று நினைத்தேன், பயம் பாதி போய்விட்டது. தேர்வாளர் என் கையைப் பார்த்து, “இது தனி ஓட்டம்மா, ரிலே இல்ல. குச்சி எதுக்கு?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் விசில் முன்னால் வந்து, “வெச்சுக்கக் கூடாதுன்னு விதி இருந்தா காட்டுங்க சார்” என்றார். தேர்வாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், தலையைச் சொறிந்தார், போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஓடினேன். தரையில் கால் படுவதே தெரியவில்லை. மூன்றாவது வளைவில் என் இடது கை வழக்கம்போலப் பின்னால் போனது. வலது கையில் குச்சி இருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. ஓடிக்கொண்டே அழலாம் என்று எனக்குத் தெரியாது. மூச்சு வாங்குகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

முதலாவதாக வந்தேன். “குச்சி எங்கம்மா?” என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. நானே தூக்கிக் காட்டினேன்.

கோட்டைத் தாண்டியதும் வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன். பனிதான் இருந்தது.

நேற்றுக் கடிதம் வந்தது, இடம் கிடைத்துவிட்டது. அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அண்ணன் ‘வெறுங்கை’யை எடுத்துவிட்டு வெறும் ‘வீராங்கனை’ என்கிறான். நான் மட்டும் மேப்பை விரித்துப் பார்த்தேன். காலேஜ் உன் ஊருக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் ஹாஸ்டல். வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்தாலே பெரிது என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து உன்னோடு விரிப்பு மடிக்க முடியாது. உன் கால் எப்படி இருக்கிறது என்று உன் எழுத்தை நம்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், உன் எழுத்தின் லட்சணம்தான் தெரியுமே.

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சலவை நிலையத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று நான் வந்த அன்று நீதான் சொன்னாய். வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது, வந்துவிடுகிறேன். நீ ‘நில்’ என்றால் நான் நிற்பேன், அது உனக்குத் தெரியும்.

கொக்கு

*

நவம்பர் 25

அன்புள்ள கொக்குக்கு,

கடைசிக்குத்தான் முதலில் தாவினேன். அப்புறம் முதலிலிருந்து படித்தேன். மேஸ்திரி அக்கா வாசிக்கச் சொன்னார், ரோலரை நிறுத்திவிட்டு எல்லாரும் கேட்டார்கள். குச்சியைத் தூக்கிக் காட்டிய இடம் வந்ததும் ஆளாளுக்குக் கையில் இருந்த விரிப்பைத் தூக்கிக் காட்டினார்கள். கூடமே வெள்ளையாகிவிட்டது.

போன வாரத்திலிருந்து என்னை மறுபடி விரிப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். பாதித் தூரம் நானே நடக்கிறேன். மெதுவாகத்தான். எதிரில் நிற்பவர் காத்திருக்கிறார்.

நீ இங்கே வந்தால் ரொம்ப நன்றாக இருக்கும். தினமும் உன்னோடு டீ குடிக்கலாம், கனவு காண வேண்டிய அவசியம்கூட இருக்காது. இதை மறைக்க மாட்டேன், உன்னிடம் எதையாவது மறைத்து நான் பட்டது போதும். ஆனால் நீ வந்தால் முழுத் தூரமும் நீயே நடப்பாய்.

நான் பின்னால்தான் இருக்கிறேன். இருக்கிறேனா என்று திரும்பிப் பார்க்காதே.

இந்தத் தடவை வாய் தவறவில்லை கொக்கு.

போ.

அணில்